ஏலத்துல மிலிட்டரி லாரி எடுக்கலாமா, கூடவே தோண்டுற வண்டியும்?

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல சுருக்கி எழுதிடுறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் விஷயம் தெரியணும்ல. டல்லாஸுக்குக் கிழக்கால 18 ஏக்கர் வாங்கியிருக்கீங்க, உள்ள போக சரியான ரோடு இல்ல, வீடு கட்டப்போற இடத்துல மழை பேஞ்சா தண்ணி நிக்குது, கால் ஏக்கர்ல ஒரு குளமும் வெட்டணும். அமெரிக்கன் ஆர்மி கழிச்சுவிட்ட எம்35ஏ2 லாரி ஒண்ணும், முன்னாடி லோடர் (மண்ணு அள்ளுற தொட்டி) பின்னாடி பேக்ஹோ (தோண்டுற கை) வச்ச எஸ்இஇங்கிற ஆர்மி வண்டி ஒண்ணும் ஏலத்துல பாத்து வச்சிருக்கீங்க. ரெண்டையும் எடுத்தா வேலைக்கு ஆகுமா, எடுத்தா எப்படி பராமரிக்கிறதுங்கிறதுதான் கேள்வி.

லாரி எடுங்க, ஆனா பிரேக்கைப் பிரிச்சுப் பாக்காம கேட்டுக்கு வெளிய ஓட்டாதீங்க. எஸ்இஇ வாய்க்கால் வெட்ட, குழாய் பதிக்க நல்ல வண்டி. குளத்துக்கு ரெண்டுமே ஆகாது, அதுக்குக் கணக்கு கீழ போட்டுக் காட்டுறேன்.

நான் சங்ககிரிக்காரன், அப்பா லாரி ஃபிட்டர், நான் படிச்சு கம்ப்யூட்டர் வேலைக்கு வந்துட்டாலும் கையில கிரீஸ் ஒட்டாம தூக்கம் வராத ஜாதி. இங்க வந்து எம்35ஏ2 வாங்கி 11 வருஷமாச்சு, எஸ்இஇ 4 வருஷமா இருக்கு. அதனால இதெல்லாம் படிச்சுட்டு சொல்றது இல்ல, அடிபட்டு சொல்றது.

எம்35 குடும்பம் 1950ல ஆரம்பிச்சது, முதல்ல செஞ்சது ரியோ கம்பெனி. ரெண்டரை டன், ஆறு சக்கரமும் இழுக்கும், பின்னாடி டபுள் டயர், மொத்தம் 10 டயர். காலி வண்டியே 13,000 பவுண்ட், அதாவது நம்ம கணக்குல 6 டன் கிட்ட. ரெண்டரை டன்ங்கிறது மேடுபள்ளத்துல ஏத்துற லோடு, 5,000 பவுண்ட். நல்ல ரோட்டுல 10,000 வரைக்கும் போட்டுக்கலாம். அப்படிப் பாத்தாலும் 26,001 பவுண்டுக்குக் கீழதான் வருது, அதனால சிடிஎல், அதாவது பெரிய லாரி ஓட்டுற தொழில் லைசென்ஸ், தேவை இல்ல. வேகம் மணிக்கு 56 மைல், அதுவும் காதுல பஞ்சு வச்சுக்கிட்டு. பவர் ஸ்டியரிங் கிடையாது, நின்ன இடத்துல திருப்பினா தோள்பட்டை கழண்டுரும், கொஞ்சம் உருட்டிக்கிட்டேதான் திருப்பணும், நம்ம ஊர் பழைய லாரி டிரைவருங்களுக்கு இது சொல்லவே வேண்டாம்.

இன்ஜின் மல்டிஃபூயல், எல்டிடி 465ன்னு பேரு, 478 கியூபிக் இன்ச், நம்ம கணக்குல 7.8 லிட்டர். பிஸ்டன் தலையில உருண்டையா ஒரு குழி இருக்கும், டீசலை அந்தக் குழியோட சுவத்துமேல அடிச்சு ஆவியாக்கி எரிக்கிற ஜெர்மன் மான் கம்பெனி முறை. (ஜபல்பூர்ல செஞ்ச நம்ம சக்திமான் லாரியும் மான் டிசைன்தான், அப்பா இந்த இன்ஜினைப் பாத்திருந்தா ஒரு மணி நேரம் பேசியிருப்பாரு.) டீசல், மண்ணெண்ணெய், ஜெட் ஃபூயல்னு எதை ஊத்தினாலும் ஓடும்னு இதுக்குப் பேரு. அதைக் கேட்டுட்டு நிறைய பேரு பழைய இன்ஜின் ஆயிலை வடிகட்டி ஊத்தி ஓட்டுறாங்க. ஓடத்தான் செய்யும். ஆனா இன்ஜெக்‌ஷன் பம்ப் ஒரே ஒரு ஹைட்ராலிக் ஹெட் வச்சு ஆறு சிலிண்டருக்கும் பங்கு பிரிக்கிற டைப், அதுக்குள்ள அழுக்கோ தண்ணியோ போய் பிடிச்சுக்கிச்சுன்னா கதை முடிஞ்சுது, பம்ப் ரூம்ல குடுத்தா லாரி விலையில கால்வாசி கேப்பான். பங்க்ல விக்கிற சாதா டீசலை ஊத்துங்க, போதும். ஃபில்டர் மூணு இருக்கு, முதல்ல ஒரு பிரைமரி, அப்புறம் ரெண்டு ஃபைனல், வண்டி கைக்கு வந்த அன்னிக்கே மூணையும் மாத்துங்க. அதுக்கும் முன்னாடி டேங்க்குக்கு அடியில பிளக்கைத் திறந்து ஒரு பாட்டில்ல பிடிச்சு அரை மணி நேரம் வெயில்ல வச்சுப் பாருங்க. அடியில தண்ணி பிரிஞ்சு நிக்கும், சில வண்டில கறுப்பா நூல்நூலா பாசி மாதிரி கூட வரும்.

ஆர்பிஎம் 2,600க்கு மேல ஏத்தவே கூடாது. ஏத்தத்துல யாரும் ஏத்த மாட்டாங்க, இறக்கத்துலதான் மாட்டிக்குவாங்க, சின்ன கியர்ல விட்டுட்டு வண்டி தள்ள தள்ள இன்ஜின் தானா கத்தும், அப்பதான் கனெக்டிங் ராடு பிளாக்கைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வரும்.

இப்ப பிரேக். இதை ரெண்டு தடவை படிங்க.

பெடலை மிதிச்சா மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து ஃப்ளூயிட் ஏர்பேக்குக்குப் (ஏர் பேக், பிரேக்குக்கு பலம் கூட்டுற பூஸ்டர், விபத்துல விரியிற பை இல்ல) போகும், அங்க காத்து பலம் குடுக்கும், அங்க இருந்து ஆறு வீலுக்கும் ஒரே லைன். காத்து போச்சுன்னா பெடல் கல்லு மாதிரி ஆகும், ஆனா ரெண்டு கால்ல ஏறி மிதிச்சா கொஞ்சமாவது பிடிக்கும். ஃப்ளூயிட் போச்சுன்னா ஒண்ணுமே இல்ல. இப்ப வர்ற கார்ல முன்னாடி ஒரு சர்க்யூட் பின்னாடி ஒரு சர்க்யூட்னு பிரிச்சிருப்பாங்க, இதுல பிரிக்கல, ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினா ஆறும் காலி. ரெண்டு சர்க்யூட் பிரேக் ஏ3 மாடலுக்குத்தான் வந்துச்சு. ஹேண்ட் பிரேக் வீல்ல இல்ல, டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் பலத்தை முன் பின் ஆக்சிலுக்குப் பிரிக்கிற கியர் பெட்டி) பக்கத்துல ஷாஃப்ட்ல ஒரு டிரம் இருக்கு, அதைத்தான் பிடிக்கும், நிறுத்தி வைக்கத்தான் அது, ஓடுற வண்டியை நிறுத்த இல்ல.

எனக்கு ரெண்டாவது வருஷம் இது நடந்துச்சு. எங்க வீட்டுல இருந்து ஓடைப் பாலத்துக்கு இறங்குற ரோடு, பின்னாடி 3,000 பவுண்ட் ஜல்லி. பாலத்துக்கு 200 அடி இருக்கும்போது பெடலை வச்சேன், கால் நேரா தரைக்குப் போயிருச்சு. பம்ப் பண்றேன், ஒண்ணும் இல்ல. மூணுல இருந்து ரெண்டுக்கு இறக்கினேன், பல்லு நரநரன்னு சத்தம், கை பிரேக்கை மொத்தமா இழுத்தேன், கருகுற வாடை மட்டும் வந்துச்சு. ஸ்டியரிங்கை வலது பக்கம் புல்லுக்கு ஒடிச்சு பக்கத்து வீட்டுக்காரர் வேலியில ரெண்டு கம்பத்தை சாச்சுட்டு நின்னேன். இறங்கிப் பாத்தா நடு ஆக்சில்ல இடது வீல் உள் பக்கம் முழுக்க நனைஞ்சிருக்கு. சிலிண்டரைப் பிரிச்சா உள்சுவத்துல அம்மைத் தழும்பு மாதிரி துரு, ரப்பர் கப் ஒரு ஓரத்துல மடிஞ்சு கிடக்கு. வித்தவன் பிரேக் ஜம்முனு இருக்குன்னான், நானும் நம்பி டிரம்மைக் கழட்டாம விட்டேன், தப்பு என்மேலதான்.

அதனால வண்டி வந்ததும் ஆறு டிரம்மையும் கழட்டுங்க. சிலிண்டர் ஆறும் புதுசு, ஹோஸ் எல்லாம் புதுசு, மாஸ்டர் சிலிண்டர் புதுசு. ஏர்பேக்கை நல்லா தெரிஞ்சவங்ககிட்ட குடுத்து ரீபில்ட் பண்ணுங்க. வெளிய எங்கயும் ஒழுகல, ஆனா ஃப்ளூயிட் மட்டும் குறைஞ்சுக்கிட்டே வருதுன்னா ஏர்பேக் சீல் போய் காத்துப் பக்கம் குடிக்குதுன்னு அர்த்தம். டிரம்மைக் கழட்டும்போது லைனர் எண்ணெயா இருந்தா முகர்ந்து பாருங்க, நாத்தம் அடிச்சா கியர் ஆயில், ஹப் சீல் போயிருக்கு, அந்த லைனரை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சாலும் தேறாது. ஃப்ளூயிட் விஷயத்துலயும் கவனம், ஆர்மி இதுல சிலிகான் ஃப்ளூயிட், அதாவது டாட் 5 ஊத்துவாங்க, ஊதா கலர்ல இருக்கும். கடையில சாதாரணமா கிடைக்கிற டாட் 3ஐ அதுமேல ஊத்திட்டா ரெண்டும் சேராது, பழையதை மொத்தமா எடுத்துட்டுதான் வேற ஊத்தணும். மாஸ்டர் சிலிண்டரை மட்டும் ரெண்டு சர்க்யூட்டா மாத்துற வேலையும் சில பேரு செஞ்சுக்கிறாங்க, நானும் வேலிக்கு அப்புறம் செஞ்சுட்டேன்.

ஏர் டேங்க்ல அடியில சின்ன டேப் இருக்கும், ஓட்டின அன்னிக்கெல்லாம் சாயங்காலம் திறந்து விடுங்க. தண்ணியும் ஆயிலும் கலந்து புஸ்ஸுன்னு வரும். விட்டுட்டா உள்ள துரு பிடிச்சு அந்தத் துருத்தூள் நேரா ஏர்பேக்குக்குப் போகும்.

டயர் அடுத்த எமன். 9.00-20, டியூப் டயர், வீல்ல லாக் ரிங். நம்ம ஊர் பழைய லாரி வீல் மாதிரியேதான். சின்ன வயசுல சங்ககிரி பஞ்சர் கடை ஒண்ணுல காத்து அடிக்கும்போது ரிங் கழண்டு தகரக் கூரையைப் பொத்துக்கிட்டுப் போனதை என் கண்ணால பாத்திருக்கேன், அன்னிக்கு அந்த அண்ணன் டீ குடிக்க எழுந்திருச்சதால பொழச்சாரு. தரையில படுக்கப் போட்டு அதுமேல குனிஞ்சு காத்து அடிக்கவே அடிக்காதீங்க. இரும்புக் கூண்டுக்குள்ள வச்சு, க்ளிப் மாட்டுற சக், 10 அடி நீள ஹோஸ், நீங்க ஒதுங்கி நின்னு அடிங்க. காத்து சுத்தமா இறங்கின டயரை வண்டியில இருக்கும்போதே அப்படியே ஏத்தாதீங்க, உள்ள ரிங் நகந்திருக்கும். கழட்டுறதா இருந்தா முதல்ல வால்வு ஊசியைப் பிடுங்கி காத்து முழுசா போனப்புறம்தான் நட்டுல கை வைக்கணும்.

நட்டுன்னதும் ஞாபகம் வருது, இடது பக்க வீல் நட்டெல்லாம் இடது மரை. ‘எல்’னு அடிச்சிருக்கும். தெரியாம நாலடி பைப் போட்டு இன்னும் இறுக்கி ஸ்டட்டை முறிச்சவங்க எத்தனையோ பேரு, நான் ரெண்டு முறிச்சேன்.

கரண்டு 24 வோல்ட், 12 வோல்ட் பேட்டரி ரெண்டு சீரியஸ்ல. ரேடியோவுக்கு, போன் சார்ஜருக்குன்னு ஒரே ஒரு பேட்டரில இருந்து 12 வோல்ட் இழுக்காதீங்க, அது ஒண்ணு இறங்கும், இன்னொண்ணு அதிகமா சார்ஜ் ஆகி வெந்துரும். கன்வெர்ட்டர் 20 டாலருக்குக் கிடைக்குது. பேட்டரி கட் ஆஃப் சுவிட்ச் ஒண்ணு போட்டுருங்க. இன்ஜினை நிறுத்துறதுக்கு சாவி கிடையாது, கேபிளை இழுத்து டீசலை நிறுத்தணும். அந்தக் கேபிள் துருப்பிடிச்சு சிக்கிக்கிச்சுன்னா இன்ஜின் நிக்காது, சீட்டுக்குப் பின்னாடி ஒரு பிளைவுட் துண்டு வச்சிருங்க, ஏர் இன்டேக் வாயை அடைக்க. கையை வச்சு அடைக்கப் போயிராதீங்க.

இந்த வண்டிங்க ஓடி கெட்டதைவிட நின்னு கெட்டதுதான் அதிகம். மாசத்துக்கு ரெண்டு தடவையாவது 20 மைல் ஓட்டணும், சும்மா ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் விடுறது உபயோகம் இல்ல, ஆயில் சூடே ஏறாது. சீல் காயும், டிரம்ல துரு பிடிக்கும், கிரீஸ் கெட்டியாகும். கிரீஸ் நிப்பிள் எங்கெங்க இருக்குன்னு ஆர்மி லூப்ரிகேஷன் சார்ட் படத்தோட இருக்கு, டிஎம், அதாவது ஆர்மியோட டெக்னிக்கல் மேனுவல் புத்தகமும் இலவசமா கிடைக்கும், பிரிண்ட் எடுத்து வண்டியில வைங்க. கிராஸ் ஜாயின்ட்ல கிரீஸ் அடிக்கும்போது நாலு மூலையிலயும் புது கிரீஸ் எட்டிப் பாக்கிற வரைக்கும் அடிங்க, மூணுல வந்து ஒண்ணுல வரலன்னா அந்த மூலை காஞ்சு கிடக்கு.

இப்ப உங்க மண்ணு. நீங்க சொன்ன இடம் பிளாக்லாண்ட், ஹூஸ்டன் பிளாக்னு பேரு சொல்ற மண்ணு, கோவில்பட்டி கரிசலுக்குக் கூடப்பிறந்தது. வெயில் காலத்துல கை போற அளவுக்கு வெடிக்கும், மழை பேஞ்சா களி. ஆறு சக்கரமும் இழுக்குதுன்னு நம்பி மழைக்கு அடுத்த நாள் இறங்கினீங்கன்னா டயர் பட்டன்ல எல்லாம் களி அடைஞ்சு பத்து டயரும் வழவழன்னு உருளும், 6 டன் ஆக்சில் வரைக்கும் இறங்கும். முன்னாடி 10,000 பவுண்ட் வின்ச் (ரோப்பைச் சுத்தி இழுக்கிற உருளை) இருக்கிற வண்டியா பாத்து எடுங்க. வின்ச் ஷாஃப்ட்ல ஷியர் பின் ஒண்ணு இருக்கும், லோடு மீறினா அது அறுந்து ரோப்பைக் காப்பாத்தும். அது அடிக்கடி அறுதுன்னு எரிச்சல்ல கெட்டி போல்ட்டைப் போட்டு வச்சிருக்கிற வண்டி நிறைய சுத்துது, வாங்கினதும் அதை முதல்ல பாருங்க, ஏன்னா அப்புறம் அறுறது ரோப்தான், அது திரும்பி அடிச்சா ஆள் ரெண்டு துண்டு.

எஸ்இஇக்கு வருவோம். முழுப்பேரு ஸ்மால் எம்ப்ளேஸ்மென்ட் எக்ஸ்கவேட்டர், மாடல் பேரு எஃப்எல்யூ 419, அசல்ல மெர்சிடிஸ் உனிமாக், ஃப்ரைட்லைனர் பேருல 80கள்ல ஆர்மிக்குப் போனது. லோடரும் பேக்ஹோவும் கேஸ் கம்பெனி. இன்ஜின் ஓஎம்352, 5,675 சிசி, 110 குதிரை. நம்ம ஊர் பழைய டாட்டா 697 இன்ஜினும் சிலிண்டர் அளவு இதேதான் (97 மிமீ போர், 128 மிமீ ஸ்ட்ரோக்), அதனால சத்தத்தைக் கேட்டதும் எனக்கு ஊர் ஞாபகம்தான் வந்துச்சு, உதிரியும் பிரச்சனை இல்ல. பேக்ஹோ 14 அடி ஆழம் போகும். ரோட்டுலயே மணிக்கு 50 மைல் ஓட்டிட்டுப் போய் வெட்டிட்டு வரலாம், லோபெட் (வண்டியை ஏத்திட்டுப் போற டிரெய்லர்) வாடகை மிச்சம், இதுதான் இந்த வண்டியோட பெரிய லாபமே.

இதுல பாக்க வேண்டியது போர்ட்டல் ஆக்சில். நாலு வீல்லயும் தனித்தனியா ஒரு சின்ன கியர்பாக்ஸ், தனித்தனி ஆயில். அடி பிளக்கை லேசா தளத்தி ஒரு சொட்டு விரல்ல எடுத்துப் பாருங்க, மோர் கலர்ல வந்தா தண்ணி போயிருக்கு. அப்புறம் ஹைட்ராலிக் ஹோஸ், கிட்டத்தட்ட 40 வருஷ ரப்பர், வெளிய வெடிப்பு தெரிஞ்சா பேசாம மாத்திருங்க. ஒழுக்கு எங்கன்னு கையால தடவிப் பாக்கவே கூடாது, ஊசி முனை ஓட்டையில வர்ற ஆயில் தோலுக்குள்ள ஏறிரும், சின்ன புள்ளிதானேன்னு விட்டா விரலையே எடுக்கிற நிலைமை வரும். ஒரு அட்டையைப் பிடிச்சுப் பாருங்க. ரோட்டுல போகும்போது பேக்ஹோ கை ஆடாம பிடிக்கிற பூம் லாக் பின் போட்டிருக்கான்னு இறங்கிப் பாத்துட்டுப் போங்க.

தோண்டுறதுக்கு ரெண்டு வேலை நாள் முன்னாடி 811க்கு போன் பண்ணுங்க, காசு இல்ல, வந்து கேஸ் லைன், கேபிள் எல்லாம் பெயிண்ட் அடிச்சுக் காட்டிட்டுப் போவாங்க. ஆனா மீட்டர்ல இருந்து உங்க ஷெட்டுக்குப் போற தனி லைனை அவங்க காட்ட மாட்டாங்க, அது உங்க தலையெழுத்து, பழைய ஓனர்கிட்ட கேளுங்க. 5 அடிக்கு மேல ஆழமா இருந்தா தாங்கு கட்டாம உள்ள ஆள் இறங்கக்கூடாது. கூலிக்கு ஆள் வச்சா அது சட்டம், நீங்களே இறங்கினா சட்டம் கேக்காது, மண்ணு கேக்கும். கரிசல் ஏற்கனவே வெடிச்சு நிக்கிற மண்ணு, ஒரு கன கெஜம் ஒரு டன்னுக்கு மேல, அப்படியே பலகையா பேத்துக்கிட்டு விழும். எடுத்த மண்ணை ஓரத்துல இருந்து ரெண்டடியாவது தள்ளிக் கொட்டுங்க.

இப்ப குளம். கால் ஏக்கர்னா 10,890 சதுர அடி, சராசரி 5 அடி ஆழம்னு வைங்க, 54,450 கன அடி, 27ஆல வகுத்தா 2,000 கன கெஜத்துக்கு மேல. எம்35ஏ2 பெட் 12 அடிக்கு 7 அடி, ஒரு அடி உயரம் மண்ணு போட்டாலே 3 கன கெஜம், 7,500 பவுண்ட் தாண்டும், காட்டுக்குள்ள 5,000தான் லிமிட். அதனால நடைக்கு ரெண்டு கன கெஜம்தான். ஆயிரம் நடை. அதோட இது டிப்பர் இல்ல, ஒவ்வொரு நடையும் மம்பட்டியில தள்ளணும். டிப்பர் வேணும்னா இதே குடும்பத்துல எம்342ஏ2 இருக்கு, அதைத் தேடுங்க, ரோட்டுக்கு ஜல்லி அடிக்கவும் அதுதான் வசதி. அப்பவும் ஆயிரம் நடை ஆயிரம்தான். குளத்தை ஆபரேட்டரோட டோசர் வாடகைக்கு எடுத்து சில நாள்ல முடிச்சுருங்க, கரையை உருளை போட்டு இறுக்குற வேலையும் அவங்களே செய்வாங்க. அதுக்கு முன்னாடி உங்க கவுண்டி என்ஆர்சிஎஸ் (மண்ணு, தண்ணி பாதுகாப்பைப் பாக்கிற அரசாங்கத் துறை) ஆபீஸ்ல போய் கேளுங்க, மண்ணு, கரை சரிவு பத்தி காசு வாங்காம யோசனை சொல்லுவாங்க.

பேப்பர் விஷயம், எஸ்எஃப்97 ஃபார்ம் (அரசாங்க வண்டியை வித்ததுக்கான சான்று) வருதான்னு லிஸ்டிங்ல பாத்துட்டு பிட் போடுங்க, அது இல்லாம டைட்டில், அதாவது வண்டி உங்க பேருலங்கிற பேப்பர், வாங்குறது தலைவலி. ஏல யார்டுல இருந்து ஓட்டிட்டு வரலாம்னு கனவு காணாதீங்க, லாரி மேல ஏத்தித்தான் கொண்டு வரணும், அந்த வாடகையையும் கணக்குல சேருங்க.

பிட் போடுறதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை எங்க பக்கம் வாங்க, என் லாரியில ரெண்டு டிரம் கழட்ட வேண்டியிருக்கு, நீங்களே கழட்டிப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. பழைய சட்டை போட்டுட்டு வாங்க தம்பி, மனைவி வாங்கிக் குடுத்த சட்டை வேண்டாம்.